பெம்பேதாத்து

எங்கள் கேத்திரகணித மாஸ்டர் மட்டக்கோல் இல்லாமலே கரும்பலகையில் முக்கோணம் கீறுவார். நாங்கள் கீறுவதென்றால் மட்டும், "முதல்ல வாயால சொல்லு, பிறகு கீறு" என்பார். பழைய மாணவர் எல்லோருக்கும் அந்தக் குரல் ஞாபகம் இருக்கும்.

1984இல் தன்சானியாவின் மொரொகோரோப் பக்கம் ஓர் இடைநிலைப் பாடசாலைக்குக் கணிதம் படிப்பிக்கப் போனேன். இடைநிலையின் முதல் வகுப்பான ஃபோம் வன்னுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து, அந்நாட்டு மொழியான சுவாஹிலியில் "ஷிகமோ" என்றார்கள். உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்று பொருளாம். பதிலுக்கு "மரஹபா" சொல்ல வேண்டும். நான் "குட் மோர்னிங்" என்றேன். ஒரே சிரிப்பு.

சரி, பாடத்துக்கு வருவோம் என்று ஆங்கிலத்தில் முக்கோணத்தைப் பற்றித் தொடங்கினேன். ஒரு முகத்திலும் அசைவில்லை. கீறிக் காட்டியதும் பின்வாங்கில் ஒரு பையன் மெதுவாக, "பெம்பேதாத்து" என்றான். பெம்பே என்றால் மூலை, தாத்து என்றால் மூன்று. அட, நம்முடைய முக்கோணமேதான்! ஏழு வருடம் சுவாஹிலியில் கோணமும் பின்னமும் படித்து வந்த பிள்ளைகள் அவர்கள். ஃபோம் வன்னில் எல்லாம் ஒரேயடியாக ஆங்கிலமாகிவிடும். தமிழில் உயர்தரம் படித்துவிட்டுப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போன எனக்கும், 'பெர்பெண்டிகுலர்' என்பது நம் செங்குத்துத்தான் என்று பிடிபடச் சில நாளானது.

நாடே 'ம்வாலிமு' – ஆசிரியர் – என்று அழைத்த ஜனாதிபதி நியெரேரே, ஷேக்ஸ்பியரின் இரண்டு நாடகங்களைச் சுவாஹிலிக்குக் கொண்டுவந்தவர். அவர் காலத்திலும் இடைநிலைப் பாடசாலை ஆங்கிலத்தில்தான் நடந்தது. இன்றும் பெரும்பாலும் அப்படித்தான்.

எங்கள் பாடசாலையில் சுவாஹிலி பேசிப் பிடிபட்டால் கழுத்தில் ஒரு மரத்துண்டு தொங்கும். முதல் தவணையில் நானும் இரண்டு மூன்று பேருக்கு அதைக் கொழுவியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

இரண்டாம் தவணையில் மாஸ்டரின் சட்டத்தை அங்கே கொண்டுவந்தேன். முதலில் சுவாஹிலியில் சொல்ல வேண்டும், அப்புறம் ஆங்கிலத்தில், அதற்குப் பிறகுதான் சோக்கட்டியைத் தொடலாம். மற்ற ஆசிரியர்களுக்கு இது பிடிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு நடத்தினேன்.

ஒருநாள் அவசரத்தில் நான் நேரே போய் ஒரு வட்டம் கீறிவிட்டேன். பின்வாங்கிலிருந்து அதே பையன், "செமா க்வான்சா, ம்வாலிமு!" என்று கத்தினான். முதலில் சொல்லுங்கள், மாஸ்டர்! வட்டத்துக்குச் சுவாஹிலியில் என்ன பெயர் என்று எனக்கு அப்போது தெரியாது.