கார் இன்சூரன்ஸ் ரிஸ்கைப் பாண்டாக்கி விற்கும்போது நேரம் போவது எங்கே

கார் இன்சூரன்ஸ் ரிஸ்கை, அதாவது கிளைம் எதிர்பார்த்ததைவிடக் கூடும் ஆபத்தை, பாண்டாக்கி முதலில் மூலதனச் சந்தைக்குக் கொண்டுபோனது பிரெஞ்சு இன்சூரன்ஸ் கம்பெனி ஆக்சா. 2005-ல் பிரான்சில் 'ஸ்பார்க்' என்ற பெயரில் 20 கோடி யூரோ. 2007-ல் ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், பெல்ஜியம் பாலிசிகளை வைத்து 45 கோடி.

கணக்கு எளிது. ஆண்டு பிரீமியம் 100 கோடி யூரோ, டிரிகர் (பிரீமியத்தில் கிளைம் எத்தனை சதவீதத்தைத் தாண்டினால் நஷ்டம் பாண்டுக்குப் போகும் என்ற எல்லை) 75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கிளைம் 78 கோடியைத் தொட்டால் மேலே உள்ள 3 கோடி பாண்டின் தலையில் விழும். முதல் 2 கோடியைக் கம்பெனி தன் கையில் வைத்திருக்கும் அடி டிராஞ்ச் (நஷ்டத்தை முதலில் ஏற்கும் பாண்டு அடுக்கு) தாங்கும். மீதி 1 கோடி, அதற்கடுத்த டிராஞ்சை வாங்கியவர்களின் அசலில் கழியும்.

வக்கீல், வங்கி வேலையெல்லாம் பணம் கொடுத்தால் நடந்துவிடும். மாதக்கணக்கில் இழுப்பது கிளைம் முக்கோணம்தான்: இடப்பக்கம் விபத்து நடந்த ஆண்டு, மேலே 12, 24, 36 மாதம், கட்டங்களில் அதுவரை தெரிந்த கிளைம். பம்பர், கண்ணாடி கிளைம்கள் சீக்கிரம் மூடிவிடும். உடல் காயம் வருடக்கணக்கில் திறந்தே கிடக்கும். 12-ஆம் மாதத்தில் பிரீமியத்தில் 73 சதவீதம் காட்டிய ஆண்டு 36-ல் 76 ஆகலாம். டிரிகரோ 75. எந்த மாதத்து மதிப்பீடு இறுதி, இன்னும் வந்துசேராத கிளைமுக்கு யார் தொகை போடுவது, எந்த வெளி ஆக்சுவரி (இன்சூரன்ஸ் கணக்கு நிபுணர்) சரிபார்ப்பது என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதாமல் ரேட்டிங் ஏஜென்சி பக்கம் போகவே வேண்டாம்.

கிளைம் பிரிவு நடுவில் ரிசர்வ் (இன்னும் கொடுக்காத கிளைமுக்கு ஒதுக்கும் தொகை) போடும் பழக்கத்தை மாற்றியிருந்தால் முக்கோணம் கோணலாகும். கொடுத்த தொகைக்கு ஒன்று, ரிசர்வும் சேர்த்து ஒன்று என இரண்டு முக்கோணம் போட்டுப் பாருங்கள். முதலாவது சீராக இருந்து, இரண்டாவதில் ஒரே மூலைவிட்டம் (ஒரே காலண்டர் ஆண்டின் கட்டங்கள்) முழுக்கத் துள்ளினால் அநேகமாகப் பழக்கம்தான் மாறியிருக்கிறது, விபத்து கூடவில்லை.

பிரீமியம் பக்கமும் ஒரு பொறி உண்டு. கட்டணத்தை 5 சதவீதம் குறைத்தால், ஒரு கார்கூடக் கூடுதலாக மோதாமலே பிரீமியத்தில் 70 சதவீதமாக இருந்த கிளைம் 73.7 ஆகிவிடும். முதலீட்டாளர் முதலில் கேட்பதும் இதைத்தான், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. பழைய ஆண்டுகளை இன்றைய கட்டணத்துக்கு மாற்றிக் காட்டுங்கள். டிரிகரை ஆண்டுதோறும் மறுகணக்கிடும் விதியும் வேண்டும். ஆலங்கட்டி மழை, வெள்ளம் இரண்டையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

பாண்டு முதிரும் நாளில் கிளைம் திறந்திருந்தால் அசலில் எவ்வளவை, எத்தனை மாதம் பிடித்துவைக்கலாம் என்பதையும் முதல் வரைவிலேயே போட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் கிளப்பினால் விலை மறுபடி முதலிலிருந்து பேசப்படும்.