எந்த நிறுவனம், எந்தக் கொள்கை? ஒரு ஷேர் ஃபோல்டரோடு மூன்று ஞாயிறு

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு ஃபோல்டர் திறந்துவிட்டது. வீட்டில் எல்லாரும் தூங்கியாயிற்று, சொல்லிக்கொள்ள ஆளில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ரவுட்டரின் முதுகில் யுஎஸ்பியில் செருகிய 1 டிபி டிஸ்க். அதில் அப்பா ஸ்கேன் செய்து வைத்த பழைய ஆல்பங்கள்; வீட்டு நெட்வொர்க்கில் ஷேர் ஃபோல்டராகத் தெரியும். பயனர் பெயர், பாஸ்வேர்ட் எதுவும் கிடையாது. விருந்தாளியாக யாரும் நுழையலாம். நாலு வருஷம் சத்தமில்லாமல் ஓடியது. என் லேப்டாப் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு மாறிய மறுநாள் கதவு சாத்திக்கொண்டது. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தினர் நுழைவைத் தடுக்கிறது என்று ஒரு செய்தி. எந்த நிறுவனம்? இந்த வீட்டில் கொள்கை வகுப்பவர் அம்மா ஒருவர்தான். அவருக்கு இதில் ஆட்சேபம் இருப்பதாகத் தெரியவில்லை.

முதல் ஞாயிறு முழுக்க வழக்கமான சடங்குகள். நெட்வொர்க் பிரைவேட்டில் இருக்கிறதா, ஃபோல்டர் பகிர்வு போகும் 445 போர்ட் திறந்திருக்கிறதா, ஃபயர்வாலை அணைத்துவிட்டு ஒரு தரம், ரவுட்டரை அணைத்துப் போட்டு ஒரு தரம். எதற்கும் அசையவில்லை. இதற்கு நடுவில் தங்கை வந்து, "அண்ணா, என்னோடதுல திறக்குதே!" என்றாள். திறந்தது. அதே வைஃபை, அதே 24எச்2. அந்த ஒரு வார்த்தையால் ஒரு வாரம் வீணானது. அவளுக்குத் திறக்கிறது என்றால் ரவுட்டரில் கோளாறில்லை, என் மெஷினில்தான் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவுகட்டி, நெட்வொர்க் டிரைவரை மூன்று தரம் கழற்றி மாட்டினேன்.

கெட்டுப்போனது எதுவுமில்லை. அவளுடையது ஹோம் பதிப்பு, என்னுடையது ப்ரோ. 24எச்2-இல் ப்ரோ பதிப்புக்கு இரண்டு பூட்டுகள் தானாக விழுகின்றன. ஒன்று, விருந்தாளி நுழைவு கிடையாது. இன்னொன்று, எஸ்எம்பி (விண்டோஸ் ஃபோல்டர்களைப் பகிரும் நெறிமுறை) பேச்சில் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் கையொப்பம் வேண்டும். ஹோம் பதிப்பில் இரண்டுமே கட்டாயமில்லை. காசு கூடக் கொடுத்து வாங்கியவன் வெளியே நிற்கிறான், கொடுக்காதவள் உள்ளே போய்வருகிறாள்.

இரண்டு பூட்டு என்று தெரியாமல் முதல் பூட்டை மட்டும் விண்டோஸின் குரூப் பாலிசி அமைப்பில் திறந்தேன். செய்தி மாறியது, கதவு திறக்கவில்லை: இப்போது கையொப்பம் செல்லாதாம். கொஞ்சம் யோசித்தால் நியாயம்தான். கையொப்பத்துக்கான சாவி பாஸ்வேர்டிலிருந்து பிறக்கிறது. பாஸ்வேர்டே இல்லாத விருந்தாளி எதை வைத்துக் கையெழுத்துப் போடுவான்? பவர்ஷெல் என்ற கட்டளைத் திரையில் அதையும் தளர்த்தியதும் ஆல்பம் வந்துவிட்டது. பத்து நிமிஷம் சந்தோஷம். அப்புறம் மனசு ஒப்பவில்லை. இந்தத் தளர்த்தல் அந்த ரவுட்டருக்கு மட்டுமல்ல, என் லேப்டாப் போகிற இடமெல்லாம் கூடவே வரும். காபிக் கடை வைஃபையிலும். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை பரவியதும் எஸ்எம்பியின் பழைய முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். இது அந்த ஓட்டை இல்லை என்றாலும், அந்தப் பக்கமாகப் போகவே கூசுகிறது. இரண்டையும் திரும்பப் பூட்டினேன்.

ஆக, இரண்டாம் ஞாயிறு டிஸ்கை ரவுட்டரிலிருந்து பிடுங்கி, பரணில் கிடந்த ராஸ்ப்பெரி பை 4 என்ற குட்டிக் கணினிக்கு மாற்றி, சாம்பா (லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு ஃபோல்டர் பகிரும் மென்பொருள்) போட்டாயிற்று. (பை 4-இன் யுஎஸ்பி எல்லாம் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரும்; டிஸ்குக்குத் தனி கரண்ட் கொடுக்கும் ஹப் வாங்கிவிடுங்கள். நான் இரண்டு நாள் டிஸ்க் மறைந்து மறைந்து வந்த பிறகு வாங்கினேன்.)

இங்கே ஒரு புதைகுழி. லினக்ஸில் பயனர் இருந்தால் மட்டும் போதாது. சாம்பாவுக்கு பாஸ்வேர்ட் கணக்கு தனி, எஸ்எம்பி பாஸ்வேர்ட் கட்டளையில் மைனஸ் ஏ போட்டுச் சேர்க்க வேண்டும். தெரிந்த விஷயம், அவசரத்தில் மறந்தேன். விண்டோஸ் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது, கொடுத்தேன், மறுத்தது. ஏதோ ஒரு முயற்சியில் வேறு பெயரில் பாதி நுழைந்திருக்கிறது போல. ராஸ்ப்பெரி பையில் எல்லாம் சரிசெய்த பிறகும் 1219 என்ற பிழை வந்து உட்கார்ந்துகொண்டது: ஒரே சர்வருக்கு ஒரே ஆள் இரண்டு பெயரில் போகக்கூடாது. விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் துடைத்தேன், போகவில்லை. நெட் யூஸ் கட்டளையில் நட்சத்திரமும் டிலீட்டும் போட்டு எல்லா இணைப்பையும் அறுத்தேன், ஒரு நிமிஷத்தில் எக்ஸ்ப்ளோரர் தானே போய் ஒட்டிக்கொண்டது. கடைசியில் குறுக்குவழி: பெயருக்குப் பதில் ஐபி முகவரியைக் கொடுத்தால் விண்டோஸுக்கு அது வேறு சர்வர். அப்படித்தான் பதினொன்றரைக்குத் திறந்தது, மூன்றாம் ஞாயிறு. லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்திருந்தால் மதியமே முடிந்திருக்கும் என்பதை யாரும் கமெண்டில் சொல்ல வேண்டாம்.

திறந்ததே தவிர வேகம் வினாடிக்கு 11 எம்பிக்கு மேல் ஏறவில்லை. கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) இணைப்புக்கு 110 வரை வர வேண்டும். 11 என்ற எண்ணைப் பார்த்தாலே இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டது, காரணம் கேபிள் என்று புரிந்துவிடும்: 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நாலு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். டெஸ்டரில் எட்டாவது விளக்கு எரியவில்லை, பிரவுன் கம்பி. நானே கிரிம்ப் செய்த (பிளக்கை அழுத்திப் பொருத்திய) முனைதான். ஆனால் பழி முழுவதும் என்மேல் இல்லை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் "ப்யூர் காப்பர் சார்" என்று சத்தியம் செய்து கொடுத்த சுருள் அது. பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம், மேலே தாமிரப் பூச்சு. கிரிம்ப் செய்யும்போதே கம்பி முறிகிறது. அடுத்த முறை போகிறவர்கள் பிளேடு எடுத்துப் போங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

நல்ல கேட் 6 ரகக் கேபிள் சுருள் வாங்கி ஹாலிலிருந்து மாடி அறைக்கு இழுக்கும் யோசனை இருக்கிறது. பழைய டெலிபோன் ஒயர் போன குழாயிலேயே போகுமா என்று கயிறு விட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் ஹால் டிவி. அதில் உள்ள பிளேயர் ராஸ்ப்பெரி பையைப் பட்டியலில் காட்டுகிறது, உள்ளே போனால் ஃபோல்டர் காலி. பாஸ்வேர்டை ஏற்றுக்கொள்கிறது, ஆனால் படமில்லை. டிவி எந்த எஸ்எம்பி பதிப்பில் பேசுகிறது என்று சாம்பாவின் லாகில் பார்க்கலாம் என்று போனேன். அப்பா வந்து சீரியல் நேரம் என்று ரிமோட்டை வாங்கிக்கொண்டார். ஆல்பம் லேப்டாப்பிலேயே நன்றாகத்தான் தெரிகிறதாம்.