வெறுங்கையோடு திரும்பத் தெரிந்த ரெய்டர்

கபடியில் ஒரு பையன் ரெய்டராக, அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவனாக, வளர்ந்து வரும்போது அவனுடைய வேகத்தையும் தாவலையும்தான் ஊர் முதலில் பேசும். காரைக்குடி, புதுவயல், கல்லல் பக்கம் மின்னொளிக் கபடி நடக்கும் எந்தத் திடலில் போய் நின்றாலும், மூன்று பேரை இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டைத் தொட்டவனின் பெயர்தான் மைக்கில் திரும்பத் திரும்ப ஒலிக்கும். இளம் வயதில் கொஞ்சம் ஆடியவன், அதன்பின் விடாமல் பார்த்து வருபவன் என்ற முறையில், நல்ல ரெய்டர் யார் என்பதை நான் வேறொன்றை வைத்தே முடிவு செய்கிறேன். எதிரணியின் பக்கத்தில் இருபது நொடி நின்றுவிட்டு, தோதுப்படவில்லை என்று தெரிந்ததும், கூட்டம் எவ்வளவு கத்தினாலும் வெறுங்கையோடு திரும்பிவர அவனுக்குத் தெரிய வேண்டும். என் அக்கா மகனுக்கு அது தெரியும். காரைக்குடியில் கல்லூரியில் படிக்கும் அவன், முழங்கால் ஜவ்வு கிழிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து, மறுபடியும் கல்லூரி அணியில் ஆடத் தொடங்கியிருக்கிறான். அவன் திரும்பி வந்ததற்கும் இந்தக் குணத்துக்கும் நேரடியான தொடர்பு இருப்பதாக நான் உறுதியாக நம்புகிறேன்.

அவன் உயரமானவன் இல்லை. தாவிக் குதித்துத் தப்பிக்கிற ஆட்டமும் அவனுடையது இல்லை. பதின்மூன்று மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள களத்தில், முப்பது நொடிக்குள் ஏழு பேரைப் படித்து முடிப்பதுதான் அவனுடைய பலம். களத்தின் ஓரத்தில், கார்னரில் நிற்பவன் பாயப் போகிறான் என்றால், அதற்கு முன்பே அவனுடைய குதிகால் தரையை விட்டு லேசாக எழும்பிவிடும் என்று அவன் ஒருமுறை எனக்குக் காட்டிக் கொடுத்தான். "மூஞ்சியைப் பாத்தா ஏமாத்திருவாங்க மாமா, பாதத்தைப் பாத்தா ஏமாத்த முடியாது" என்றான். அன்றிலிருந்து நானும் பாதங்களைத்தான் பார்க்கிறேன்.

போனஸ் எடுப்பதில் அவன் கைதேர்ந்தவன். ரெய்டு செல்லுபடியாவதற்குக் கடக்க வேண்டிய கோடு நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தள்ளி இருக்கிறது. போனஸ் கோடு அதற்கும் ஒரு மீட்டர் உள்ளே. எதிரணியில் ஆறு பேராவது களத்தில் இருக்கும்போது, ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றி, அதே கணத்தில் பின்னங்காலைத் தரையிலிருந்து தூக்கியிருந்தால் ஒரு புள்ளி கிடைக்கும். இரண்டு கார்னர்களும் காத்திருக்கும் ஆழத்தில், உடம்பின் மொத்தப் பாரத்தையும் ஒற்றைக் காலில் தாங்கி, உடனே அதே காலை உந்தித் திரும்ப வேண்டும். அவன் ஊன்றுவது இடது கால். கிழிந்ததும் அந்த இடது முழங்கால்தான்.

கல்லூரிகளுக்கு இடையேயான போட்டி ஒன்றில், 'மேட்' எனப்படும் செயற்கை விரிப்பில் ஆடும்போது அது நடந்தது. போனஸ் எடுத்துவிட்டுத் திரும்பினான். கணுக்காலைப் பிடிக்க வந்தவனின் கை சரியாகப் படக்கூட இல்லை. பாதம் ஊன்றிய இடத்திலேயே நிற்க, முழங்கால் மட்டும் உள்ளே திருகிக்கொண்டது. அவனுக்குக் கிழிந்தது மூட்டுக்குள் இருக்கும் முன் சிலுவை ஜவ்வு. அது கிழிபவர்களில் பெரும்பாலோருக்கு, யாரும் வந்து மோதாமலேதான், இப்படித் திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோ கிழிகிறது. நம் பக்கத்துச் செம்மண் தரையில் வெறுங்காலோடு ஆடும்போது பாதம் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். விரிப்பில் ஷூ அப்படியே கவ்விக்கொள்ளும், திருகல் முழுவதும் மூட்டுக்குப் போய்விடும் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு.

சொந்தபந்தம் முழுவதும் புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னது. முற்றிலும் அறுந்த இந்த ஜவ்வு பெரும்பாலும் தானாக ஒட்டிக்கொள்வதில்லை என்பதையும், மூட்டுக்குள்ளே இருப்பதை வெளியிலிருந்து கட்டி நிறுத்த முடியாது என்பதையும் அப்பத்தாவுக்கு விளங்கவைக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. மதுரையில், அவனுடைய தொடையின் பின்பக்கத் தசைநாரையே எடுத்து, துளை வழியாகப் புது ஜவ்வாகப் பொருத்தினார்கள்.

அதன்பின் வந்த மாதங்களில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை என்பதுதான் அந்த மாதங்களின் கடினம். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தித் தொடையை இறுக்குவது; மடக்காமல் காலைத் தூக்குவது; முழங்கால் மறுபடியும் முழுதாக நீளும்வரை வேறு எதையும் நினைக்காமல் இருப்பது. முன் தொடைத் தசை சில வாரங்களிலேயே வற்றிப்போய், இரண்டு கால்களும் இரண்டு ஆட்களுடையவை என்று சொல்லும்படி ஆகிவிட்டது.

அக்காவும் அத்தானும் கானாடுகாத்தானில் ஒரு நகரத்தார் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கார ஆச்சி சென்னையில் இருக்கிறார். முன்னோரை வணங்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வருவார். பையன் உள்ளே பயிற்சி செய்யலாமா என்று அக்கா போனில் கேட்டதற்கு, "பூட்டிக் கெடக்குற வீட்டுல பிள்ளை நடமாடினா நல்லதுதான், தாராளமாச் செய்யச் சொல்லு" என்று ஆச்சி சொல்லிவிட்டார். அந்த வீட்டின் வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், பதிந்திருப்பவை பத்தங்குல ஆத்தங்குடிக் கற்கள். ஐந்தாம் மாதத்துக்கு மேல், பிசியோதெரபிஸ்ட் ஒற்றைக் காலில் தாவ அனுமதித்தபோது, தரையைத் துடைத்து உலரவிட்டு, பிடிப்புள்ள ஷூவோடு அவன் அங்கே தாவினான். அளக்க நாடா தேவைப்படவில்லை. நல்ல காலில் தாவினால் ஏழு கல். தைத்த காலில் நான்குகூடத் தேறவில்லை. தைத்த கால் நல்ல காலின் தொண்ணூறு சதவீதத்தை எட்டினால்தான் ஆட்டத்தைப் பற்றிப் பேசலாம் என்று பிசியோ சொல்லியிருந்தார். ஆறு கல்லைத் தாண்டி ஏழாவது கல்லுக்குள் குதிகால் விழ வேண்டும் என்பதுதான் அதன் பொருள். விழுந்தால் மட்டும் போதாது, இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாயாமல் நிற்கவும் வேண்டும்.

உண்மையான சோதனை அதற்கு முன்பே, பொங்கலோடு வந்தது. அறுவை முடிந்து மூன்று மாதம்; வலி இல்லை, வீக்கம் இல்லை, படியேற முடிகிறது. ஆபத்து மிகுந்த காலம் அதுதான். பொருத்திய தசைநார் எலும்போடு சேர்ந்து, ரத்த ஓட்டம் பெற்று, ஜவ்வாக மாறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், அது பொருத்திய நாளைவிடவும் பலவீனமாக இருக்கிறது. ஆனால் கால் குணமாகிவிட்டது என்று ஆட்டக்காரனுக்குத் தோன்றுகிறது. சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு ஊரே புறப்பட்டுக்கொண்டிருந்த அந்த வாரத்தில், பக்கத்து ஊர்க்காரர்கள் வீடு தேடி வந்து, மாட்டுப் பொங்கல் இரவு ஒரு ஆட்டம் மட்டும் ஆடினால் போதும் என்றார்கள். ரொக்கமும் சொன்னார்கள். அவன் எழுந்து நின்று, "இல்லண்ணே, ஆவணிக்கு மேல வாங்க" என்றான். குரலில் தயக்கமே இல்லை. கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே நடுக்கோட்டை நோக்கி நிதானமாகத் திரும்பி வரும் ரெய்டரை நான் அங்கேதான் கண்டேன்.

அவன் சொன்ன கெடுவுக்குக் காரணம் இருந்தது. 2016-இல் வெளியான டெலவேர்–ஓஸ்லோ ஆய்வின்படி, இந்த அறுவைக்குப் பிறகு களத்துக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம்வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும், முழங்கால் மறுபடியும் காயப்படும் விகிதத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது. அதை நான் சொன்னபோது அவன் நாட்காட்டியை எடுத்து எண்ணினான்.

அவன் அறையில் கபடி ரெய்டர் பவன் செராவத்தின் படம் இருக்கிறது. 2022-இல் புரோ கபடி லீக்கின் தமிழ் தலைவாஸ் அணி அவரைப் பெருந்தொகைக்கு ஏலம் எடுத்து, அக்டோபர் 8 அன்று குஜராத் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயத்தால் அவரை இழந்தது. அந்தப் பருவத்தில் அதன்பின் அவர் ஆடவில்லை. 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோவில் ஈரானை 33–29 என்று வென்று ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வாங்கிய இந்திய அணிக்கு அவரே தலைவர். இடையில் இருந்தது ஓர் ஆண்டுக்கு ஒரு நாள் குறைவு. அந்தத் தேதிகளைப் பையன் மனப்பாடமாக வைத்திருக்கிறான்.

கால் தேறிய பின்னும் மனம் தேறவில்லை. ஏழாவது கல்லைத் தொட்ட பிறகும், நண்பர்கள் நின்று பிடிக்கும் பயிற்சியில், இடது காலை ஊன்ற வேண்டிய இடத்தில் அரை நொடி தாமதித்தான். "கால் தயாரா இருக்கு மாமா, ஆனா ஊனும்போது ஒரு தடவை யோசிக்குது" என்றான். கபடியில் அரை நொடி என்பது கணுக்காலைப் பிடித்துவிடப் போதுமான நேரம். தைரியமாக இரு என்று சொல்வதால் இது தீர்வதில்லை. பயிற்சியாளர் முதலில் யாரும் இல்லாத களத்தில் போனஸ் எடுக்கச் சொன்னார். பிறகு ஒரு கார்னரை நிறுத்தி, தொடக்கூடாது என்றார். பிறகு தொடலாம், பிடிக்கக்கூடாது. கடைசியில்தான் முழுப் பிடி. எதிர்பார்த்து ஊன்றுவதிலிருந்து எதிர்பாராமல் ஊன்றுவதற்குப் போகும் அந்தப் படிகள்தான் பயத்தைக் கரைத்தன.

புரட்டாசியில் கல்லூரிப் போட்டியில் இறங்கினான். முதல் ரெய்டு வெறுங்கை, இரண்டாவதும் வெறுங்கை. மூன்றாவதில் புள்ளி எடுக்காவிட்டால் அவன் வெளியேற வேண்டும். எதிரணியில் ஆறு பேர் நின்றார்கள். இடது பக்கமாக நகர்ந்து, வலது கார்னரின் பாதத்தைப் பார்த்தபடியே நின்றான்; குதிகால் எழும்பவில்லை; இன்னும் நின்றான். இருபத்தைந்தாவது நொடி வாக்கில், கார்னருக்கு உள்பக்கமாக நிற்கும் கவர்க்காரன் ஒரு அடி முன்னே எடுத்து வைக்க, அந்த இடைவெளியில் இடது கால் கோட்டைத் தாண்டி ஊன்றியது, வலது கால் எழும்பியது, திரும்பினான். நடுவர் போனஸுக்குக் கட்டைவிரலை உயர்த்தினார். அன்று அவன் எடுத்த மற்ற புள்ளிகள் எனக்கு நினைவில் இல்லை.

இப்போதும் ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும், கணுக்காலை ஒருவன் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மண்டியிட்டபடி உடம்பை மெல்ல முன்னே சாய்த்துத் தொடையின் பின்தசையைப் பலப்படுத்துகிறான். இளையவர்களையும் செய்ய வைக்கிறான். வரும் பொங்கலுக்கு ஊர் அணியில் ஆடச் சம்மதித்திருக்கிறான். ஓர் இரவில் இரண்டு ஆட்டத்துக்கு மேல் இல்லை, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் உடம்பைச் சூடேற்றக் கால் மணி நேரம் வேண்டும் என்று விழாக் கமிட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டான். முணுமுணுத்தாலும் ஒத்துக்கொண்டார்கள்.