பெடியனை அகடமி கூப்பிட்டால்

ஞாயிறு காலை, பூங்கா உதைபந்தாட்ட மைதானத்தின் கோட்டுக்கு வெளியே குடையோடு நிற்கும் தகப்பனிடம் கழகச் சின்னம் போட்ட ஜாக்கெட்டுக்காரர் ஒருவர் வந்து, "அந்த 7ஆம் நம்பர் உங்கட மகனா?" என்று கேட்பார். இங்கிலாந்தில் பல குடும்பங்களுக்கு அகடமி வாழ்க்கை, அதாவது தொழில்முறை உதைபந்தாட்டக் கழகம் சிறுவரை எடுத்துப் பழக்கும் இடத்தோடான வாழ்க்கை, இப்படித்தான் தொடங்குகிறது. அந்த இடத்தில் சந்தோஷத்தை விட இரண்டு கேள்விகள் முக்கியம். ஒன்று, அவருடைய அடையாள அட்டை எங்கே, பிள்ளை ஆடும் உள்ளூர்க் கழகத்தின் செயலாளரிடம் பேசிவிட்டாரா. இரண்டு, கூப்பிடுவது அகடமிக்கா, அல்லது காசு கட்டிப் பழகும் டெவலப்மென்ட் சென்டருக்கா.

அகடமி என்ற சொல்லை இங்கே யாரும் வாடகைக்கு எடுத்து பலகை மாட்டலாம். மாதக் கட்டணம், சீருடைக் கட்டணம், ஸ்பெயின் பயணத்துக்குத் தனிக் கட்டணம் என்று வாங்குகிற இடம் தொழில்முறைக் கழகத்தின் அகடமி அல்ல. உண்மையான அகடமி பயிற்சிக்குக் காசு வாங்காது, உடுப்பும் அதுவே கொடுக்கும். பெரிய கழகங்களின் பெயரிலேயே கட்டண வகுப்புகள் நடப்பதுண்டு. அதில் தப்பில்லை. ஆனால் அங்கே சேர்ந்ததை வைத்து "மகன் அந்தக் கழகத்துக்கு ஆடுகிறான்" என்று கல்யாண வீட்டில் சொல்லாமல் இருப்பது நல்லது.

இப்போதுள்ள அமைப்பு 2012இல் வந்த எலிட் பிளேயர் பெர்ஃபோமன்ஸ் பிளான் என்ற திட்டத்தில் நிற்கிறது. அகடமிகளை அது நான்கு தரமாகப் பிரித்தது. முதல் தரத்துக்குத்தான் பயிற்றுநர், மருத்துவம், படிப்பு, உள்ளரங்கு மைதானம் எல்லாம் அதிகம். நான்காம் தரம் சிறுவர்களை எடுப்பதில்லை, 16 வயதுக்கு மேல்தான் எடுக்கும். ஆறு முதல் எட்டு வயது வரை முறையான பதிவு கிடையாது. பிள்ளை இரண்டு மூன்று கழகங்களில் ஒரே நேரத்தில் பழகலாம், யாரும் தடுக்க முடியாது. 9 வயதுக்குட்பட்டோர் அணியில்தான் முதல் கையெழுத்து. அதற்கு முன் ட்ரயல் என்னும் சோதனைப் பயிற்சி ஆறு, எட்டுக் கிழமை ஓடும். சின்ன வயதில் பதிவு ஒரு வருடத்துக்கு மட்டும், 12 வயதுக்கு மேல் இரண்டு வருடத்துக்கு. வீட்டுக் குத்தகை போல நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்: முடிகிற திகதி தாளிலேயே இருக்கிறது, புதுப்பிப்பார்களா என்பது அவர்கள் கையில்.

கையெழுத்துப் போட்டபின் பலர் தெரியாமல் மீறுகிற விதி ஒன்று உண்டு. பதிவு செய்த பிள்ளை கழகத்தின் அனுமதியில்லாமல் வேறு அணிக்கு ஆடக்கூடாது. பள்ளிக்கூட ஆட்டம் வேறு விஷயம். கோடைகாலத்தில் ஊர்ப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் நடத்தும் போட்டிகளில் மாமாவின் அணிக்கு ஒரு ஆள் குறைகிறது என்று மகனை இறக்கிவிடுவது நம்மிடையே சாதாரணம். அங்கே கணுக்கால் பிரண்டால் கழகத்தின் காப்பீடு அதை ஏற்காமல் போகலாம், பதிவும் சிக்கலாகும். முதலே மின்னஞ்சலில் கேட்டால் சில கழகங்கள் விடும். எழுத்தில் பதில் வரும்வரை விளையாட விட வேண்டாம்.

அடுத்தது தூரம். 2012 விதிப்படி 9 முதல் 11 வயதுவரை வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், 12 முதல் 16 வரை ஒன்றரை மணி நேரத்துக்குள் உள்ள அகடமியில்தான் சேரலாம். பெரிய கழகங்களுக்கு இந்த வரம்பு பின்னர் தளர்ந்தது. உங்கள் வீட்டு நேரம் மட்டும் தளராது. கிழமைக்கு மூன்று மாலை, போக வர இரண்டு மணி, பயிற்சி இரண்டு மணி என்றால் 12 மணி நேரம் போய்விடும். வார இறுதி ஆட்டம் அதற்கு மேல். லண்டன் ஹரோவிலிருந்து நோர்த் சேர்குலர் வீதியில் மாலை ஐந்து மணிக்கு ஓட்டிப் பார்க்காமல் கூகுள் வரைபடத்தை இரவு பதினொரு மணிக்குப் பார்த்து முடிவெடுப்பவர்கள் அரைவாசி வருடத்திலேயே களைத்துவிடுகிறார்கள். அப்பா கடையைப் பூட்டிவிட்டு வர முடியாத வீட்டில் ஏற்றி இறக்கிற வேலை முழுக்க அம்மாவின் தலையில் விழும். கையெழுத்துக்கு முன்னரே மினிபஸ் இருக்கிறதா, எந்த வயதிலிருந்து, எங்கே ஏற்றுவார்கள் என்று கேளுங்கள்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியோடு ஆட்டம் மோதும். ஆட்ட அட்டவணை பருவம் முழுவதற்கும் ஒரே தரமாக வருவதில்லை, துண்டு துண்டாக வரும். சில தமிழ்ப் பள்ளிகள் ஞாயிறும் நடப்பதால், ட்ரயல் நேரத்திலேயே அந்த வயது அணி எந்த நாளில் ஆடுகிறது என்று கேட்டு வகுப்பை மாற்றிக்கொண்டால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. பள்ளி மூன்றேகாலுக்கு விடும், பயிற்சி ஐந்தரை அல்லது ஆறுக்குத் தொடங்கும். நாலு மணிக்குள் காரிலேயே அளவாகச் சோறு, இடியப்பம் அல்லது பாண். தேங்காய்ப்பால் தடித்த கறியும் கடலையும் அப்போது வேண்டாம், ஓடும்போது வயிறு பேசும். திரும்பி வந்ததும் முட்டை, மீன், பருப்பு, பால் என்று புரதம் உள்ளது எதுவும் சரி. இன்னொன்று, நம் தோலுக்கு இந்த நாட்டு வெயில் போதாது. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லோரும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுக்க வேண்டும் என்றும், கருமையான தோலுள்ளவர்கள் வருடம் முழுக்க எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றும் அரசு சுகாதார ஆலோசனையே சொல்கிறது.

சப்பாத்து இரண்டு சோடி வேண்டும். புல்லுக்கு ஒன்று, த்ரீஜி என்னும் செயற்கைத் தரைக்குப் பல சிறு குமிழ் உள்ளது ஒன்று. இரும்புக் குமிழை த்ரீஜியில் விடமாட்டார்கள். வளரும் பிள்ளைக்கு அடுத்த வருடத்துக்கும் சேர்த்துப் பெரிய அளவு வாங்குவது ஊர்ப் பழக்கம். இங்கே அது கொப்புளத்திலும் பிரண்ட கணுக்காலிலும் முடியும்.

உயரம்தான் நம் பெற்றோரை அதிகம் கலங்க வைப்பது. வயதுக் கணக்கு செப்டெம்பர் முதலாம் திகதியில் தொடங்குவதால், ஓகஸ்டில் பிறந்தவன் ஏறக்குறைய ஒரு வயது மூத்தவனோடு மோத வேண்டும். 12, 13 வயதில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், மற்றவன் இன்னும் குழந்தை முகத்தோடு நிற்பான். இதைச் சமாளிக்க அகடமிகள் பயோ-பாண்டிங் என்ற முறையை வைத்திருக்கின்றன. பிள்ளையின் வயது, உயரம், எடை, அம்மா அப்பாவின் உயரம் இவற்றிலிருந்து வளர்ந்தபின் அவன் எவ்வளவு உயரம் வருவான் என்று கணிப்பார்கள். இப்போதைய உயரம் அதில் எத்தனை வீதம் என்று பார்த்து, உதாரணமாக 85 முதல் 90 வீதம் வரை உள்ளவர்களை ஒரே ஆட்டத்தில் சேர்ப்பார்கள்.

இங்கே சில அப்பாமார் தங்கள் உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்டிச் சொல்வார்கள். 150 செ.மீ. உயரப் பையனின் கணிப்பு 166 செ.மீ. என்றால் அவன் 90.4 வீதத்தில் நிற்கிறான். கணிப்பு 167 ஆனால் 89.8. ஒரு சென்டிமீட்டரில் குழு மாறிவிடும். பந்தைப் பறிகொடுத்துப் பறிகொடுத்துப் பழக வேண்டியவன் தன்னிலும் முதிராதவர்களோடு ஆடுவான், அல்லது நேர்மாறாக நடக்கும். ஆகவே பொய் வேண்டாம், அளந்தே சொல்லுங்கள். குள்ளமான பெற்றோரின் பிள்ளைக்கு இந்தக் கணக்கு எதிரி அல்ல. அவன் வளர்ந்து முடிக்கும் உயரத்தோடுதான் அவனை ஒப்பிடுகிறார்கள், பக்கத்து வீட்டு ஆறடிக்காரனின் மகனோடு அல்ல.

வேகமாக வளரும் அந்த இரண்டு வருடத்தில் குதிகாலும் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முனையும் வலிக்கும். எலும்பு முன்னே ஓட, தசைநார் அதை இழுப்பதால் வருவது அது. பயிற்சிப் பாரத்தைக் குறைத்தால் ஆறிவிடும். இடம் போய்விடும் என்று பயந்து வலியை மறைக்கச் சொல்லும் வீட்டில்தான் அது பல மாதம் இழுக்கும்.

இனித் தாள்கள். நெதர்லாந்து, ஜேர்மனி, பிரான்ஸ், டென்மார்க் என்று ஐரோப்பாவில் இருந்துவிட்டு இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பிள்ளைக்கு 10 வயது ஆகியிருந்து அங்கே ஒரு கழகத்தில் பதிவாகியிருந்தால், சர்வதேச மாற்றுச் சான்றிதழ் வராமல் இங்கே பதிய முடியாது. 18 வயதுக்குட்பட்டோரை நாடு விட்டு நாடு மாற்ற ஃபிஃபா விதியின் 19ஆம் பிரிவு பொதுவாகத் தடை போடுகிறது. அதிலுள்ள முக்கிய விலக்கு: பெற்றோர் உதைபந்தாட்டத்தோடு தொடர்பில்லாத காரணத்துக்காக இடம் மாறியிருக்க வேண்டும். வேலைக் கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம், கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், குடியிருப்பு அனுமதி எல்லாம் கேட்பார்கள். பெருமையில் "மகனின் உதைபந்தாட்ட எதிர்காலத்துக்காக வந்தோம்" என்று படிவத்தில் ஒரு வரி எழுதினால் அந்த வரியே விண்ணப்பத்தைக் கவிழ்க்கும்.

பெயர்க் குழப்பம் வேறு. ஒரு தாளில் தகப்பன் பெயர் முன்னால், இன்னொன்றில் குடும்பப் பெயராகப் பின்னால், மூன்றாவதில் வெறும் முதலெழுத்து. எல்லாம் ஒரே பிள்ளைதான் என்று ஐரோப்பிய அதிகாரிக்கு எப்படித் தெரியும்? பருவம் தொடங்க முன்னரே சத்தியக் கடதாசியும் அங்கீகரித்த மொழிபெயர்ப்பும் எடுத்து வைப்பவர்களுக்கு வேலை முடியும். மற்றவர்களின் பிள்ளைகள் பல கிழமை கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்குவார்கள்.

நட்டஈட்டுத் தொகை பற்றி யாரும் முதலே சொல்வதில்லை. கழகம் தொடரச் சொல்லி, பெற்றோர் மறுத்துவிட்டு வேறு கழகத்துக்குப் போனால், புதுக் கழகம் பழையதற்குப் பணம் கட்ட வேண்டும். 2012இல் வகுத்த கணக்கில் 9 முதல் 11 வயதுவரை ஒரு வருடப் பயிற்சிக்கு 3,000 பவுண். அதன்பின் முதல் தர அகடமி என்றால் வருடத்துக்கு 40,000. நான்கு வருடம் இருந்த 15 வயதுப் பையனைச் சின்னக் கழகம் ஒன்று ஆசைப்பட்டாலும் கிட்டப் போகாது. கழகமே விடுவித்தால் இந்தத் தொகை இல்லை. கோபத்தில் "நாங்கள் போகிறோம்" என்று எழுதுவதற்கும் அவர்களிடமிருந்து விடுவிப்பு வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

வீரர்களுக்காக ஒப்பந்தம் பேசும் முகவர்கள் 14 வயதிலேயே வாட்ஸப்பில் வருவார்கள். பையனுக்கு 16 நிறையும் ஆண்டின் ஜனவரி முதலாம் திகதிக்கு முன் யாரோடும் ஒப்பந்தம் போடக்கூடாது. சப்பாத்துப் பரிசாக வந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

12க்கு மேல் சில கழகங்கள் கிழமையில் ஒரு நாளோ பாதி நாளோ பள்ளியிலிருந்து எடுக்கும். தலைமையாசிரியர் சம்மதிக்க வேண்டும், விட்ட பாடத்தைக் கழகத்தின் ஆசிரியர் ஈடுசெய்வார். அந்த ஆசிரியரை நேரில் சந்தித்து எந்தப் பாடம், எத்தனை மணி என்று கேளுங்கள். 16 வயதுக்குட்பட்டோர் பருவத்தில் டிசம்பர் வாக்கில் ஸ்கொலர்ஷிப் உண்டா இல்லையா என்று சொல்வார்கள். 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்ஈ பள்ளிப் பரீட்சை மே, ஜூனில். பதில் 'இல்லை' என்றால் அந்த ஐந்து மாதமும் வீடு பிள்ளையோடு எப்படிப் பேசுகிறது என்பதில்தான் பெறுபேறு இருக்கிறது. ஆம் என்றால் இரண்டு வருடத் தொழிற்பயிற்சி, சிறு சம்பளம், அதோடு படிப்பு. வீடு தூரமென்றால் கழகம் சோதித்துத் தேர்ந்த குடும்பம் ஒன்றோடு தங்க வைப்பார்கள். மரக்கறி மட்டும் சாப்பிடும் நாட்கள், மாட்டிறைச்சி வேண்டாம் என்பது போன்றவற்றை முதல் நாளே எழுதிக் கொடுங்கள். பையன் கூச்சத்தில் சொல்லமாட்டான், பசியோடு இருப்பான்.

வெளிநாட்டு வழி இன்று முன்னைப்போல் இல்லை. ஜேடன் சான்சோ 2017இல் 17 வயதில் மான்செஸ்டர் சிட்டியிலிருந்து ஜேர்மனியின் டோர்ட்முண்டுக்குப் போனார். ஜமால் முசியாலா 2019இல் 16 வயதில் செல்சியிலிருந்து அதே நாட்டின் பயர்னுக்கு. ஜூட் பெலிங்ஹாம் 2020இல் 17 வயதில் பேர்மிங்ஹாமிலிருந்து டோர்ட்முண்டுக்கு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதிலேயே மாறலாம் என்ற விலக்கு பிரித்தானியாவுக்கு 2020 இறுதியோடு முடிந்தது. இப்போது பொதுவாக 18 நிறைய வேண்டும்.

போவதற்குக் காரணம் எளிது. இங்கே 21 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஒத்த வயதுக்காரர்களோடே உருள்வார்கள். ஜேர்மனியில் பல கழகங்களின் இரண்டாம் அணி மூன்றாம், நான்காம் நிலை லீக்கில் முதிர்ந்த ஆண்களோடு மோதுகிறது. கடனாக அனுப்புவதும் அதே காரணத்துக்குத்தான்: அப்போது ஆர்சனலில் இருந்த ஃபோலரின் பலோகன் 2022-23 பருவத்தில் பிரான்ஸின் ரெய்ம்ஸ் கழகத்துக்குக் கடனாகப் போய் லீக்கில் 21 கோல் அடித்தார்.

ஜேர்மனியில் இறங்கியதும் வீடு புகுந்த இரண்டு கிழமைக்குள் முகவரியை நகரசபையில் பதிய வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் வங்கிக் கணக்கு முதல் எல்லாமே இழுபடும். மருத்துவக் காப்பீடு கட்டாயம். பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரர் விசா இல்லாமல் நுழைந்து அங்கேயே வதிவிட அனுமதி கேட்கலாம், ஆனால் அது கிடைக்குமுன் சம்பளத்துக்கு ஆட முடியாது. டோர்ட்முண்ட் பக்கம் போகிறவனுக்கு நம் ஆட்கள் குறைவில்லை. ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் அங்கிருந்து அதிக தூரமில்லை, தேர் நாளில் பையன் தனிமையை மறந்துவிடுவான்.

பெரிய பெயரே நல்ல இடம் என்று நினைப்பவர்களுக்கு விமல் யோகநாதனின் வழியைக் காட்டலாம். வடக்கு வேல்ஸில் வளர்ந்த, இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை. லிவர்பூல் அகடமியில் பழகி, பின்னர் பார்ன்ஸ்லிக்குப் போய், 2023இல் 17 வயதில் முதல் அணிக்கு இறங்கினார். முதல் அணிக் கதவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கழகம் கடந்த சில வருடத்தில் தன் சொந்தப் பிள்ளைகள் எத்தனை பேரை இறக்கியது என்று எண்ணிப் பாருங்கள், ஆட்ட விபரம் எல்லாம் இணையத்திலேயே கிடக்கிறது.

விடுவிப்பு நாள் வந்தால், அழைப்பு பெரும்பாலும் பத்து நிமிடக் கூட்டம்தான். பையனை முதலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த நாள் கழகத்துக்கு எழுதுங்கள்: ஆட்ட வீடியோக்கள், வளர்ச்சி அளவுகள், காயப் பதிவு, நட்டஈடு எதுவும் கோரமாட்டோம் என்ற விடுவிப்புக் கடிதம். 18 வயதில் விடுபட்டவர்களுக்குக் கீழ் லீக் கழகங்கள் வந்து பார்க்கும் தேர்வு ஆட்டங்கள் வருடந்தோறும் நடக்கின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் உதவித்தொகையோடு எடுக்கின்றன, அதற்கு ஜிசிஎஸ்ஈ பெறுபேறு கேட்பார்கள். வீடியோவைக் கேட்க ஜூலை வரை தாமதித்தால் அதை வைத்திருக்கும் கழகத்தின் ஆட்ட ஆய்வாளர் வேறு கழகத்துக்குப் போயிருப்பார், கோப்பும் அவரோடு போயிருக்கும்.