துண்டுச் சீட்டும் ரசீதும்: கோத்தகிரி நாட்குறிப்பு

அக்டோபர் 14

தேயிலைக் கொழுந்தை எடை போட்டு ரசீது கொடுக்கும் மென்பொருளின் டிசைன் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒன்பது சீக்வென்ஸ் டயகிராம் (ஒரு காட்சியில் யார் யாருக்கு எந்த வரிசையில் மெசேஜ் அனுப்புகிறார்கள் என்ற படம்), வந்த கொழுந்தைப் பதியும் 'வரவு' கிளாஸுக்கு ஒரு ஸ்டேட் மெஷின் (அது எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்று அம்புகளால் காட்டும் படம்). தனித்தனியாக எல்லாம் சரி. ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பதை நாளைக்குத் தள்ளினேன். வெளியே நல்ல மழை.

அக்டோபர் 15

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சீக்வென்ஸ் டயகிராமில் 'வரவு' லைஃப்லைனுக்கு, அதாவது 'வரவு'க்கான செங்குத்துக் கோட்டுக்கு, வந்து சேரும் மெசேஜ்களை மட்டும் மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டு, அதே வரிசையில் ஸ்டேட் மெஷினில் அம்பு அம்பாக நடந்து பார்க்க வேண்டும். வழியில் நின்றுவிட்டால் இரண்டில் ஒன்று தப்பு.

எட்டு பொருந்தின. ஒன்பதாவது மழைநாள் காட்சி: எடைபோடு, ரசீதுகொடு, தண்ணீர்கழி (நனைந்த கொழுந்தின் எடையில் தண்ணீரைக் கழிப்பது). ஸ்டேட் மெஷினிலோ 'எடை போட்டாயிற்று' நிலையிலிருந்து கிளம்பும் ஒரே அம்பு தண்ணீர்கழி. ரசீது அதற்கப்புறம்தான்.

தூக்கம் வரவில்லை. இந்தப் படங்களை வரையும் பொது முறையான யூ.எம்.எல். விதிப்படி, ஒரு நிலையில் எந்த அம்பையும் தூண்டாத ஈவென்ட் (வந்து சேரும் மெசேஜ்), அப்புறம் பார்க்கலாம் என்று குறித்து வைக்காவிட்டால், சத்தமில்லாமல் கைவிடப்படும். பிழைச் செய்தி எதுவும் வராது. நனைந்த மூட்டையைச் சுமந்து வந்த அம்மா ரசீதுக்குக் காத்து நிற்பார், திரையில் ஒரு குறையும் தெரியாது. 1987-ல் கணினி அறிஞர் டேவிட் ஹாரல் ஸ்டேட் மெஷின் படத்தை விரிவாக்கி ஸ்டேட்சார்ட்டை எழுதிய காலத்திலிருந்து எத்தனையோ பேர் கையாண்ட படம் இது. ஆனாலும் படம் தானாக வாய் திறந்து சொல்லாது, நாம்தான் கேட்க வேண்டும்.

அக்டோபர் 17

எது தப்பு என்று நானே முடிவு செய்ய விரும்பவில்லை. கொழுந்து வாங்கும் இடத்துக்குப் போனேன். மூட்டையின் அடியிலிருந்து தராசில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எடை போடும் அண்ணா கார்பன் தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு எழுதினார்.

"அண்ணா, மழையில எதை முதல்ல கொடுப்பீங்க?"

"முதல்ல துண்டுச் சீட்டுதான் தம்பி. அவங்க பஸ்ஸைப் பிடிக்கணும்ல. ரசீது சாயங்காலம், தண்ணி கழிச்ச பிறகு."

ஆக, காகிதம் இரண்டு. நான் இரண்டுக்கும் 'ரசீது' என்றே பெயர் வைத்திருந்தேன். இரண்டு படமும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன, வேறு வேறு காகிதத்தைப் பற்றி.

அக்டோபர் 19

துண்டுச்சீட்டுகொடு, ரசீதுகொடு என்று பிரித்ததும் ஒன்பதும் ஓடின. ஆனால் மென்பொருளில் 'தராசு', 'வரவு' இரண்டும் ஒரே நேரத்தில் இயங்குபவை. ஒவ்வொன்றையும் தனியாக நடத்திப் பார்த்தால் போதாது. இரண்டையும் ப்ரோமேலா மொழியில் எழுதி, ஜெரார்ட் ஹோல்ஸ்மன் பெல் லேப்ஸில் உருவாக்கிய ஸ்பின்னில், அதாவது எல்லா வழிகளையும் நடத்திப் பார்த்துப் பிழை தேடும் கருவியில், ஓட்டினேன். மாட்டியது. 'வரவு' தரும் 'சரி'க்காகத் தராசு காத்திருக்க, அடுத்த எடைக்காக 'வரவு' காத்திருக்க, இரண்டும் அப்படியே நின்றன. அங்கே வந்து சேர்ந்த வழியை ஸ்பின் படிப்படியாகக் காட்டியது. 'சரி'யை அனுப்பிவிட்டே அடுத்த எடைக்குக் காத்திருக்கும்படி மாற்றினேன்.

திங்கட்கிழமை ஆரம்பிக்கலாமா என்று மேனேஜர் கேட்டார். வேண்டாம் சார் என்றேன். பத்தாவது டயகிராம் பாக்கி இருக்கிறது: துண்டுச் சீட்டு கொடுத்தாயிற்று, ரசீது கொடுக்கவில்லை, கரண்ட் போய்விட்டது.