விரல் ஒரு வரியில், வாய் ஒரு வரியில்

நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்துவிட்டு ஆசிரியர் பயிற்றுநராக வந்தவன் நான். வட்டார வள மையத்து பீரோக்களில் பயிற்சிக் கட்டகங்கள் கட்டுக்கட்டாக இருக்கும். செயல்வழிக் கற்றல் காலத்தவை, அதற்குப் பின் வந்தவை, 2022இல் தொடக்க வகுப்புகளுக்காகத் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் கட்டகங்கள் என்று அடுக்கைப் பார்த்தாலே துறையின் வரலாறு புரிந்துவிடும். பயிற்சி முடிந்த மறுநாள் அவற்றைத் திறந்து பார்த்த ஆசிரியர்களை நான் அதிகம் கண்டதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கற்றல் விளைவுகள் வரிசையாக இருக்கும், கருத்தாளர் அவற்றை வாசித்துக் காட்டுவார், தேநீர் வரும். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டத் தெரியாமல் கடைசியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை மட்டும் அந்தப் பக்கங்களில் எங்கும் வராது.

எனக்குப் பயன்பட்ட புத்தகங்கள் அந்தப் பிள்ளையைக் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்தியவை. கிஜுபாய் பதேக்கா 1930களில் குஜராத்தியில் எழுதிய 'பகல் கனவு' தமிழிலும் கிடைக்கிறது. அதில் வரும் ஆசிரியர் முதல் நாள் அமைதி விளையாட்டு நடத்தப் போய், வகுப்பு சந்தைக்கடையாகிவிடும். பிறகு கதை சொல்ல ஆரம்பிப்பார். பிள்ளைகள் இடத்தைவிட்டு அசைய மாட்டார்கள். ஆசிரியர் திணறுவதை மறைக்காத புத்தகம் என்பதாலேயே அதை நம்பத் தோன்றும். கல்வியாளர் கிருஷ்ண குமார் 1986இல் எழுதிய சிறு கையேடு, வாசிப்பு எழுத்து இரண்டுக்கும் முன்னால் பேச்சை வைக்கிறது. வகுப்பில் பேச்சுச் சத்தம் கேட்டாலே பள்ளியைப் பார்வையிட வரும் அதிகாரி பார்வைக் குறிப்பேட்டில் சிவப்பு மையால் எழுதிவிட்டுப் போகும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் என் பள்ளிப் பார்வையின் விதத்தையே மாற்றியவை பிள்ளைகளின் வாசிப்பை ஆராய்ந்த நியூசிலாந்துக்காரர் மேரி கிளேயின் எழுத்துகள். பிள்ளை வாசிக்கும்போது ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, சரியாக வாசித்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு டிக் போட வேண்டும். மாற்றி வாசித்தால், அச்சில் உள்ள சொல்லுக்கு மேல் பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும். இடையில் திருத்தக் கூடாது. நமக்கு இந்தக் கடைசி விதிதான் கடினம். வாய் தானாகத் திறந்துவிடும். அச்சைப் பற்றிக் குழந்தைக்கு என்ன தெரியும் என்று பார்க்க, தலைகீழாக அச்சிட்ட பக்கங்களெல்லாம் வைத்து 'மணல்' என்ற பொருளுள்ள தலைப்பில் 1972இல் அவர் ஒரு குட்டிப் புத்தகம் செய்தார்.

அதே தந்திரத்தை இங்கே செய்து பார்த்தோம். பாடநூலின் ஒரு பக்கத்தை நகலெடுத்துத் தலைகீழாக ஒட்டிக் கொடுத்தோம். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் புத்தகத்தைத் திருப்பவே இல்லை. தலைகீழாகவே வைத்துக்கொண்டு முழுப் பாடத்தையும் கணீரென்று ஒப்பித்தான். விரல் மூன்றாம் வரியில் இருந்தது, வாய் ஐந்தாம் வரியைத் தாண்டியிருந்தது. அதுவரை அவன் பதிவேட்டில் 'நன்றாக வாசிக்கிறான்'.

இன்னொரு பள்ளியில் மூன்றாம் வகுப்புச் சிறுமி. அச்சில் 'அம்மா கடைக்குச் சென்றாள்' என்று இருந்தது. அவள் வாசித்தது: 'அம்மா கடைக்குப் போனாங்க'. கிளேயின் கணக்கில் கடைசிச் சொல் பிழை. ஆனால் அந்தப் பிழைக்குள் எவ்வளவு நடந்திருக்கிறது பாருங்கள். வாக்கியத்தின் பொருள் முழுதாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. புத்தகத் தமிழ் வீட்டுத் தமிழாகியிருக்கிறது. அம்மாவை 'ஆள்' விகுதியில் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. வேறொரு பிள்ளை அதையே 'செ... ன்... றா... ள்' என்று பிழையின்றிக் கூட்டிவிட்டு, யார் எங்கே போனார்கள் என்று கேட்டதும் விழித்தது. எண்ணும் எழுத்தும் திட்டத்தின் திறன் பிரிவில் இருவரும் ஒரே 'மொட்டு' நிலையில்தான் வைக்கப்பட்டிருந்தார்கள். முதல் பிள்ளைக்கு வேண்டியது எழுத்தைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம், இரண்டாவதற்கு வேண்டியது கதை. அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிவு இதைச் சொல்லாது. டிக் போட்ட தாள் சொல்லும்.

கிளேயின் முறையும் தமிழில் ஓரிடத்தில் இடறுகிறது. நூறு சொற்களில் பத்துக்கு மேல் பிழை வந்தால் அந்தப் பகுதி பிள்ளைக்குக் கடினம் என்பது அவருடைய கணக்கு. ஆங்கிலத்தில் நாலைந்து சொற்களாக நிற்பதை நாம் 'ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு' என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறோம். முன்பாதியைச் சரியாக வாசித்துப் பின்பாதியில் விழுந்த பிள்ளைக்கு டிக்கா, பிழையா? நாங்கள் நீண்ட சொற்களை மட்டும் துண்டாக்கிக் குறித்தோம். இதைவிட நல்ல வழி யாருக்காவது தெரிந்திருக்கலாம்.

எழுத்துப் பயிற்சி பற்றிய மேலைநாட்டுப் புத்தகங்களைப் படிக்கும்போது எரிச்சலே வரும். அங்கே பல ஆண்டுகளாகப் பெரிய சண்டை: ஒலியிலிருந்து தொடங்குவதா, முழுக் கதையிலிருந்து தொடங்குவதா என்று. படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கச் சொன்ன பிரபலப் புத்தகங்களை இப்போது போட்டு அடிக்கிறார்கள். அந்த அடி கிளேக்கும் சேர்த்துத்தான் விழுகிறது. பிள்ளைகள் ஊகிப்பதும் ஒப்பிப்பதும் இங்கேயும் உண்டு என்பதால் அந்தச் சண்டையைக் கவனித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அது பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்கூட்டலின் தொல்லையிலிருந்து பிறந்தது. 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிகளைச் சமாளிக்கிற மொழி அது. நம் தொல்லை வேறு. ஒலியும் எழுத்தும் ஓரளவு ஒத்துப்போகும், வடிவங்கள்தான் பிள்ளையைப் படுத்துகின்றன.

'கொ' என்ற எழுத்தை முதன்முறை பார்க்கும் பிள்ளையின் நிலையை நினைத்துப் பாருங்கள். இடமிருந்து வலமாக வாசி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம். கொம்பு முதலில் வருகிறது, ஆனால் அதைக் கடைசியில்தான் ஒலிக்க வேண்டும். அதற்குள் வலப்பக்கம் ஒரு துணைக்கால் வேறு. அந்தத் துணைக்காலும் 'ர'வும் அவசர அச்சில் ஒன்றாகவே தெரியும். 'வௌவால்' என்பதை 'வெ-ள-வால்' என்று வாசிக்கும் பிள்ளையை நான் திருத்துவதே இல்லை. அச்சில் இருப்பது 'ள'வின் வடிவம்தான். தப்பு அதன்மேல் இல்லை. உகர வரிசையோ தனிக் கதை. ஆகார வரிசை முழுவதற்கும் ஒரே துணைக்கால் போதும். கு, சு, டு, து, மு என்று எழுதிப் பாருங்கள், குறி ஒரே மாதிரி நிற்காது. 247 எழுத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், மெய்யும் குறியும் தெரிந்தால் போதும் என்று கூட்டங்களில் நான் பேசுவதுண்டு. உகர வரிசை வந்ததும் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து, ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் போயின. பிள்ளைகளின் சுமையைக் குறைத்ததில் எந்தக் கையேடும் அந்த ஓர் ஆணைக்கு ஈடாகாது என்பது என் கட்சி.

சில்வியா ஆஷ்டன்-வார்னர் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த அனுபவத்தை 1963இல் புத்தகமாக்கினார். ஒவ்வொரு பிள்ளையிடமும் தினமும் 'உனக்கு என்ன சொல் வேண்டும்?' என்று கேட்டு அட்டையில் எழுதிக் கொடுப்பார். மறுநாள் வாசிக்கத் தெரியாவிட்டால் அந்த அட்டையைக் கழித்துவிடுவார்; அந்தச் சொல் பிள்ளைக்கு முக்கியமில்லை என்று பொருள். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, ஈராசிரியர் பள்ளியிலிருந்து வந்திருந்த ஒரு டீச்சர் மட்டும் வீட்டில் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் சொல் எழுதும் அட்டைகளாக்கி முதல் வகுப்பில் ஆரம்பித்தார். பேய், பிரியாணி, மாமா, ஜேசிபி என்று வந்தன சொற்கள். நம் வழக்கப்படி எளிய வடிவம் என்று ட, ப, ம-வில் தொடங்கிப் 'படம்', 'மடம்' என்று போவோம். 'பிரியாணி'யில் இகரக் குறி, துணைக்கால், மூன்று சுழி ண எல்லாம் ஒரே சொல்லில் இருக்கின்றன. அதைக் கேட்ட பையன் மறுநாள் தவறவே இல்லை. 'மடம் என்றால் என்ன என்று அவனுக்கும் தெரியாது சார், எனக்கே சரியாகத் தெரியாது' என்றார் டீச்சர்.

கட்டுரை எழுதப் பழக்குவதற்கு, இத்தாலியின் பார்பியானா பள்ளி மாணவர்கள் 1967இல் எழுதிய 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' போதும். நினைத்ததை ஆளுக்கொரு சீட்டில் எழுதி, குவித்து, ஒன்றுபோல் இருப்பவற்றைக் கழித்து, அடுக்கி, வெட்டித் திருத்துவது அவர்கள் முறை. ஐந்தாம் வகுப்பில் 'எங்கள் ஊர் ஏரி' பற்றிச் சீட்டு கேட்டதற்கு ஒருத்தி 'ஏரியில் கருவேல மரம் இருக்கிறது, அதில் என் பாட்டியின் ஆடு கட்டியிருக்கிறது' என்று எழுதினாள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்பிட்டு எழுதும் கட்டுரையில் அந்த ஆட்டுக்கு இடம் கிடைத்திருக்காது.

இந்தப் புத்தகங்கள் எதுவும் தமிழ் எழுத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. கொம்பு, சங்கிலிக்கொம்பு, துணைக்கால் என்று வடிவங்களுக்கு நம் ஆசிரியர்கள் பெயர் வைத்தே கற்பித்து வந்திருக்கிறார்கள். எந்த எழுத்துக்குப் பின் எதைச் சொன்னால் பிள்ளை குழம்பாது என்பது ஓய்வுபெறப் போகும் பல டீச்சர்களுக்குத் தெரியும். பணிநிறைவு விழாவில் சால்வை போர்த்தி அனுப்பிவிடுகிறோம். அவர்களில் ஒருவரிடமும் எழுதிக் கொடுங்கள் என்று யாரும் கேட்டதில்லை. பள்ளிக் கல்வித் துறையே நடத்தும் 'கனவு ஆசிரியர்' இதழில் மாதம் இரண்டு பக்கம் இதற்கு ஒதுக்கினாலே போதும். முதல் இதழில் உகர வரிசையை வைக்கட்டும். 'து'வையும் 'நு'வையும் குழப்பிக்கொள்ளாமல் சொல்லித்தர ஒருவரிடம் வழி இருக்கிறது, முகவரி நான் தருகிறேன்.