வாசாலோப்பெட் வீரர்களின் இதயத் துடிப்பு

காலையில் விழித்தவுடன் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 46 என்று கைக்கடிகாரம் காட்டும்போதெல்லாம், பல ஆண்டுகள் நெடுந்தூரம் ஓடியதற்குக் கிடைத்த நற்சான்றாகவே அதை எண்ணி வந்தேன். ஸ்வீடனின் வாசாலோப்பெட் பனிச்சறுக்குப் பந்தய வீரர்களைப் பற்றிய ஆய்வுகளைப் படித்த பிறகு, அந்தப் பெருமிதம் சற்றே குறைந்திருக்கிறது.

1922-இல் தொடங்கிய இப்பந்தயத்தின் தொலைவு 90 கிலோமீட்டர். யார் எத்தனை முறை, எவ்வளவு நேரத்தில் முடித்தார்கள் என்ற பதிவுகளை அந்நாட்டின் மருத்துவமனைப் பதிவேடுகளோடு இணைத்துப் பார்க்க முடிவதால், ஆய்வாளர்களுக்கு இது ஒரு புதையல். 1989 முதல் 1998 வரை பந்தயத்தை முடித்த 52,755 பேரைப் பின்தொடர்ந்து 2013-இல் வெளிவந்த ஆய்வில், ஐந்து முறையோ அதற்கு மேலோ முடித்தவர்களுக்கு, ஒரே முறை முடித்தவர்களைவிடத் துடிப்புக் கோளாறு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாக இருந்தது. வேகமாக முடித்தவர்களிடமும் அதே போக்கு தெரிந்தது. கூடியவை பெரும்பாலும் இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் மேலறை நடுக்கமும், துடிப்பு மிகவும் மந்தமாகும் கோளாறுகளும்தான். திடீர் மரணத்துக்கு இட்டுச்செல்லக்கூடிய கீழறைக் கோளாறுகள் அவ்வாறு கூடவில்லை என்பதைப் படித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மணிக்கணக்கில் கடுமையாக உழைக்கும் இதயம், ஓய்வில் செலுத்துவதைப்போல் பல மடங்கு இரத்தத்தைச் செலுத்துகிறது. கீழறையின் சுவர் தடித்தது, தாங்கிக்கொள்ளும். மெல்லிய சுவர் கொண்ட மேலறையோ ஆண்டுக்கணக்கில் இழுபட்டு விரிகிறது, அதில் தழும்புத் திசு படியவும் கூடும் என்று கருதப்படுகிறது. அதோடு, பயிற்சி பெற்றவர்களிடம், ஓய்வின்போது இதயத் துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் ஆதிக்கம் மிகுந்திருப்பதால், இந்த நடுக்கம் ஓடும்போது தொடங்காமல், இரவு உணவுக்குப் பிறகோ உறக்கத்திலோ தொடங்குவது உண்டு. ஆனால் மந்தமான நாடிக்கு வேகஸ் நரம்பு மட்டுமே காரணம் என்று சொல்வதற்கில்லை. பயிற்சியளித்த எலிகளில், நரம்பின் தாக்கத்தைத் தடுத்த பிறகும் துடிப்பு மெதுவாகவே இருந்ததையும், இதயத்தின் இயற்கைத் துடிப்பியக்கியில் ஓர் அயனிக் கால்வாய் (மின்னேற்றம் கொண்ட துகள்கள் உயிரணுவுக்குள் செல்லும் வழி) குறைந்திருந்ததையும் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினார்கள். நான் பெருமைப்பட்ட 46-க்குப் பின்னாலும் இப்படியொரு மாற்றம் இருக்கலாம்.

பயிற்சியைக் கைவிடச் சாக்குத் தேடுவோருக்கு இவை உதவப்போவதில்லை. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாசாலோப்பெட் வீரர்களைப் பந்தயத்தில் பங்கேற்காத பொதுமக்களோடு ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்வில், வீராங்கனைகளுக்கு மேலறை நடுக்கம் குறைவாகவே வந்தது. ஆண்களை மொத்தமாகப் பார்த்தால் வேறுபாடு இல்லை, அதிகப் பந்தயங்களை முடித்தவர்களிடமும் வேகமானவர்களிடமும்தான் அது கூடியது. பக்கவாதமோ இருபாலரிடமும் குறைவு. ஆனாலும் நடுக்கம் வந்த வீரர்களுக்கு, வராத வீரர்களைவிடப் பக்கவாத வாய்ப்பு அதிகம். ஆகவே, இரத்தம் உறையாமலிருக்க மருந்து தேவையா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், பதக்கங்களின் எண்ணிக்கை அல்ல.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு. தொடக்க காலத்தில் இந்த நடுக்கம் வந்து வந்து போகும் என்பதால், மறுநாள் எடுக்கும் ஈசிஜி பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். வழக்கமான வேகத்தில் ஓடியும் காரணமின்றி மூச்சு வாங்கினால், அல்லது இரவில் நெஞ்சு படபடத்தால், மணிக்கட்டில் விரல் வைத்துத் துடிப்புகளின் இடைவெளி ஒழுங்காக உள்ளதா என்று பார்த்து, நேரத்தையும் குறித்துக்கொண்டு, நாள் முழுவதும் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி தேவையா என்று இதய மருத்துவரிடம் கேட்பது பயன் தரும்.